கும்பினிக் காசு

நாணயம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தரும். அரசின் முத்திரை பெற்றுக் கைக்குக் கை மாறிவரும் காசினையும் அது குறிக்கும். சொன்ன சொற் பிறழாத நேர்மையையும் குறிக்கும். எடையும் மாற்றும் குறையாத காசே ஊரார் நம்பி வாங்கத்தக்கது. சொல்லும் செயலும் ஒத்தவனே ஊரார் நம்பி உறவாடத்தக்கவன். ஆதலின் இவ்விரு பொருளும் ஒரு சொல்லிற் கூடியது பொருத்தமே என்க.

பழைய நாணயங்களை ஆராய்வோர் பெரும்பாலும் பொன்னையும் வெள்ளியையுமே தேடுவர். ஓர் அரசின் செல்வத்தை அறிய அவை உதவும், ஐயமில்லை. ஆயினும் அவ்வரசின்கீழ் வாழ்ந்த ஏழை மக்கள் நாள்தோறும் எதனைக் கையிற் பிடித்தனர், எதனை எண்ணிக் கொடுத்து உப்பும் எண்ணெயும் வாங்கினர் என்று அறிய விரும்புவோர் செம்பையே நாடல் வேண்டும். அத்தகைய செப்புக் காசு ஒன்றனைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். அது கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை மாகாணத்திற்கென்று இங்கிலாந்தில் அடிப்பித்து அனுப்பிய ‘இருபது காசு’ என்னும் நாணயமாகும். அதனோடு பத்துக் காசு, ஐந்து காசு, ஒரு காசு என்பனவும் வெளிவந்தன.

யாம் வதியும் மறைமலைநகரும் அதனை அடுத்த காட்டாங்கொளத்தூர், சிங்கப்பெருமாள்கோயில் முதலிய ஊர்களும் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவை. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763-ஆம் ஆண்டில் இச்சீமையைக் கும்பினியார்க்கு ஜாகீராக அளித்தார். தென்னாட்டிற் கும்பினியார் கைக்கு முதன்முதல் வந்த பெருநிலப்பரப்புக்களுள் இதுவும் ஒன்று. எனவே, கும்பினிக் காசின் வரலாறு எமக்கு அயலார் வரலாறு அன்று. எம் வயல்வெளிகளின் வரலாறேயாம்.

முதற்கண் அக்காசின் வடிவைக் காண்போம். இருபது காசு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் குறுக்களவும் 9.3 கிராம் எடையும் உடையது. பத்துக் காசு ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் குறுக்களவும் முன்னதிற் பாதி எடையும் உடையது. இரண்டும் செம்பு. 1803, 1808 என்னும் இரண்டு ஆண்டுகளில் ஒன்று முகப்பின் அடியிற் பொறிக்கப்பட்டிருக்கும். முகப்பிற் காண்பது கும்பினியாரின் மரபுச் சின்னம். நடுவே சிலுவை வரைந்த கேடயம். அதன் இருபுறமும் இரண்டு சிங்கங்கள் கொடி தாங்கி எழுந்து நிற்கும். கேடயத்தின் மேலே முடியொன்றனைக் கையிலேந்திய சிறிய சிங்கம் ஒன்று. கீழே சுருண்டு கிடக்கும் நாடாவில் இலத்தீன் மொழித் தொடர் ஒன்று உளது. ‘இங்கிலாந்து அரசரும் ஆட்சிப் பேரவையும் காட்டிய ஆதரவினால்’ என்பது அதன் பொருள். மேல் விளிம்பை ஒட்டிக் கிழக்கிந்தியக் கும்பினி என்னும் பெயர் ஆங்கிலத்தில் வளைந்து செல்லும்.

காசைத் திருப்பினால் நடுவிற் பாரசீக எழுத்து. ‘பிஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’ என்பது அது. இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும் என்று பொருள்படும். அதன் அடியில் உரோமரின் எண்குறியில் இருபது என்றெழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்தாற் ‘காஷ்’ என்று பொறித்துள்ளனர். ஃபலூஸ் என்பது அரபு நாட்டில் வழங்கிய செப்புக் காசின் பெயர். அதுவும் பழைய உரோமப் பேரரசில் வழங்கிய ஃபாலிஸ் என்னும் காசுப் பெயரின் திரிபென்பர் அறிஞர். இலத்தீன் வாசகம், உரோம எண், ஆங்கிலப் பெயர், பாரசீகத் தொடர், அரபுச் சொல் என இத்தனையும் இரண்டு விரல் அகலச் செம்பில் இடம்பெற்றன. இவற்றிடையே தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை; தெலுங்கெழுத்தும் இல்லை. அக்காசை வாங்கிக் கொடுத்தவர்களிற் பெரும்பாலார் தமிழரும் தெலுங்கருமே!

ஆயினும் நன்கு நோக்கின், அதன்கண் தமிழ்ச்சொல் ஒன்று உளது. பாரசீக எழுத்துள் ‘காஸ்’ என்றும், ஆங்கில எழுத்துள் ‘காஷ்’ என்றும் மாறுவேடம் பூண்டு நிற்பது நம் ‘காசு’ என்னும் சொல்லேயன்றி வேறன்று. எழுத்தை இழந்தும் சொல்லை இழவாத இந்நிலையே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

காசு என்பது தொன்மையான சொல். மேகலையிற் கோக்கும் மணிக்கும் அது பெயர். குற்றம் என்னும் பொருளிலும் வரும். யாப்பிலக்கணம் பயின்றார்க்கு அது வேறு வகையிலும் பழக்கமானது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றான் முடிதல் வேண்டும் என்பது விதி. செல்வத்தை இகழ்ந்து பாடிய புலவரும் தம் வெண்பாவைப் பல வேளைகளிற் காசிலேயே முடித்தனர் என்று எம் வகுப்பு நண்பர் ஒருவர் நகையாடுவதுண்டு.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் காசு பொன் நாணயமாகக் காணப்படுகின்றது. முதலாம் இராசராசன் காலத்தில் கோயிற் பொருளைக் கடனாகப் பெற்ற ஊரார், காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு பொலிசை, அஃதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி, செலுத்த ஒப்புக்கொண்ட செய்தி அக்கல்வெட்டுக்களில் உளது. அன்று ஊர்ச்சபை கூடி வட்டி பேசிய காசு, எட்டு நூற்றாண்டு கழித்துக் கும்பினியார் கணக்கில், ரூபாய் ஒன்றுக்குத் தொள்ளாயிரத்து அறுபது என்னும் அளவிற்கு இறங்கிற்று. பெயர் நின்றது, பொன் போயிற்று.

சொல் மட்டும் கடல் கடந்து பரவிற்று. போர்ச்சுக்கீசியர் நம் கரைக்கு வந்தபோது காசு என்பதனைத் தம் நாவிற்கேற்பக் ‘கைஷ’ என்று வழங்கினர். அவர் வாயினின்று ஆங்கிலர் அதனைக் ‘காஷ்’ என்று கொண்டனர். சீனர் நடுவிற் சதுரத் துளையிட்டு நூலிற் கோத்து வழங்கிய செப்புக் காசிற்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர். எனவே நம் காசு சீனநாடு வரை சென்று பெயர்சூட்டி வந்தது. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்னும் பொதுச்சொல்லும் தமிழினின்றே சென்றது என்று மேடைகளிற் சிலர் முழங்கக் கேட்டுள்ளோம். அஃது உண்மையன்று. அச்சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களினின்று பிறந்தது. சிறுகாசின் பெயராகிய ‘காஷ்’ வேறு; அதுவே தமிழ். உருவத்தால் ஒத்த இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. உள்ள பெருமையே நமக்குப் போதும். பிறர் சொல்லை உரிமை கொண்டாட வேண்டுவதில்லை.

நிற்க. இக்காசு வழங்கிய காலத்துக் கணக்குமுறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். சென்னையிற் கும்பினியார் கணக்குப் பேரேடுகள் வராகன், பணம், காசு என்னும் மூன்றால் எழுதப்பட்டன. எண்பது காசு ஒரு பணம்; நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகன் பொன், பணம் வெள்ளி, காசு செம்பு. ரூபாய் ஒன்றுக்குப் பன்னிரண்டு பணம், வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்பதும் கும்பினியார் கொண்ட விகிதம். பத்துக் காசு கொண்டது ஒரு துட்டு. எட்டுத் துட்டு ஒரு பணம். துட்டு என்னும் இச்சொல் டச்சுக்காரரின் ‘துவிட்’ என்னும் சிறுகாசின் பெயரினின்று வந்தது என்பர். அவர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நெடுங்காலம் வணிகம் நடத்தினராதலின் அது பொருந்தும்.

ஏட்டில் இக்கணக்கு ஒழுங்காகவே தோன்றும். கடைத்தெருவிலோ நிலைமை வேறு. நாற்பத்திரண்டு பணம் என்று கும்பினியார் குறித்த வராகன், அங்காடியில் முப்பத்தைந்து பணம் முதல் நாற்பத்தைந்து பணம் வரை ஏறியும் இறங்கியும் மாறிற்று. பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றன் விலையும் தனித்தனியே அசைவன. மூன்றையும் ஒரு கயிற்றாற் கட்டி நிறுத்த எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு நாணயங்கள் வழங்கின. ஆர்க்காட்டு ரூபாய், புதுச்சேரி ரூபாய், பல்வேறு வராகன்கள், பாளையக்காரரும் அரசரும் அடித்த உருத்தெரியாச் செம்புகள் எனக் கலந்து கிடந்தன. இவற்றையெல்லாம் மாற்றித் தருவோர் சராப்புக்கள். அவர்கள் இருந்த இடம் காசுக்கடை. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவர்கள் வட்டம் பிடித்தனர். நிலத்தீர்வை செலுத்த வேண்டிய குடியானவன் தானியத்தை விற்றுச் செம்பும் பணமும் பெறுவான். அதனை வராகனாக மாற்றும்போது ஒரு பங்கு இழப்பான். கூலியைச் செம்பாகப் பெற்றவன், அச்செம்பு தேய்ந்தது, எடை குறைந்தது என்று கடைக்காரன் தள்ளுவதால் மற்றொரு பங்கு இழப்பான். செல்லாக்காசு என்னும் வழக்கு நம் மொழியில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இத்தகைய நாட்களே காரணம் எனத் தோன்றுகின்றது. பெருந்தொகை கையாள்வோன் வட்டத்தைக் கணக்கில் எழுதி மறப்பான். காசாக எண்ணி வாழ்வோனுக்கு அதுவே ஒருவேளை உணவின் உப்பும் புளியும்.

இக்குறையைத் தீர்ப்பதற்கு வேண்டியது, ஒன்றைப்போல் ஒன்று எடையும் வட்டமும் மாறாத செப்புக் காசு. கையால் அடித்த பழைய காசுகளில் அவ்வொழுங்கு இல்லை. செப்புத் துண்டைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சைக் கையிற் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதே பழைய முறை. முத்திரை ஒருபுறம் சாயும், எழுத்துப் பாதி விழும், விளிம்பு கோணும். விளிம்பைச் சுரண்டித் திருடினாலும் கண்டுபிடித்தல் அரிது.

இதற்கு மாற்றுக் கண்டவர் பர்மிங்ஹாம் நகரத்து மாத்யூ போல்ட்டன். நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி அவர். ஸோஹோ என்னுமிடத்தில் இருந்த தம் தொழிற்சாலையில் 1788-ஆம் ஆண்டளவில் நீராவியால் இயங்கும் நாணய அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதன்கண் பொறியே மேலச்சை இறக்கும். செப்பு வில்லையைச் சுற்றி எஃகு வளையம் ஒன்று அணைத்து நிற்றலின், அழுத்தும்போது செம்பு புறத்தே பரவாமல் அச்சு வட்டமாகவே வெளிவரும். பிரித்தானிய அரசாங்கமே தன் செப்புப் பென்னிகளை 1797-ஆம் ஆண்டில் அவரிடம் அடிப்பித்துக் கொண்டது. கும்பினியார் அதற்கும் முந்திக்கொண்டனர். வடசர்க்கார் என்னும் தெலுங்கு மாவட்டங்களில் வழங்குதற்கு, ரூபாய்க்கு நாற்பத்தெட்டு, ரூபாய்க்குத் தொண்ணூற்றாறு என்று விகிதம் பொறித்த செப்புக் காசுகளை 1794-ஆம் ஆண்டிலேயே அவரிடமிருந்து பெற்றனர். ரூபாய்க்கு நாற்பத்தெட்டு என்பது இருபது காசின் மதிப்பே ஆதலின், 1803-ஆம் ஆண்டுக் காசை அதன் தம்பி எனலாம். போல்ட்டனுக்குக் கார்ன்வால் நாட்டுச் செப்புச் சுரங்கங்களிலும் பங்கு இருந்தது. எனவே இந்தியர்க்குச் சில்லறை கிடைத்தது. அவர்க்குச் செம்பு விற்றது. அறமும் வாணிகமும் ஒரே கப்பலிற் பயணஞ் செய்தல் கும்பினியார் காலத்திற் புதுமையன்று.

இன்று மறைமலைநகரிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளில், எஃகுத் தகட்டை அச்சுக்களின் இடையே வைத்து அழுத்திச் சீருந்தின் கதவும் கூரையும் வார்த்தாற்போல் எடுக்கின்றனர். ஆயிரமாவது கதவும் முதற் கதவும் ஓரளவினவாய் இருத்தலே அத்தொழிலின் உயிர். ஸோஹோவில் போல்ட்டன் செய்ததும் இதுவே; அளவு ஒன்றே சிறிது. செங்கற்பட்டு மக்கள் பொறியில் அச்சிட்ட உலோகப் பண்டத்தைக் கையில் வாங்கிய தொடக்க நாட்களைச் சேர்ந்தது இச்செப்புக் காசு என்று கருதுதல் தவறாகாது.

இனி, எழுத்தைப் பற்றிய வினாவிற்கு வருவோம். தமிழர்க்கென்று அடித்த காசிற் பாரசீகம் ஏன்? பர்மிங்ஹாமில் இருந்த அச்சு வெட்டுவோர்க்குத் தமிழ் தெரியாது என்று விடைகூறல் எளிது. ஆனால் அவர்க்குப் பாரசீகமும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. வரைந்தனுப்பிய படியைப் பார்த்தே வெட்டியிருத்தல் கூடும். தமிழையும் அவ்வாறே வரைந்தனுப்பியிருக்கலாம். உண்மைக் காரணம் வேறு. பாரசீகம் முகலாயர் அவை மொழி. ஆர்க்காட்டு நவாபின் அரசியல் மொழி. ரூபாய் நாணயத்தில் ஆணை செலுத்திய மொழி. கும்பினியார் 1801-ஆம் ஆண்டில் நவாபிடமிருந்து கருநாடக ஆட்சி முழுவதையும் உடன்படிக்கையாற் பெற்றுக்கொண்டனர். அதற்கு இரண்டாண்டு கழித்து வெளிவந்த காசிலும் நவாபின் எழுத்தை விட்டாரில்லை. ஆள் மாறினும் ஆணையின் குரல் மாறாமல் ஒலித்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். காசில் எழுதுவது படிப்பவனுக்காக அன்று, பணிபவனுக்காக என்று கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

எல்லா ஐரோப்பியரும் இவ்வாறு செய்தனர் என்று எண்ணற்க. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்த சின்னஞ்சிறு செப்புக் காசுகளின் ஒருபுறம் அவர்தம் அரசமரபின் அல்லிப்பூ. மறுபுறம் ‘புதுச்சேரி’ என்று தமிழ் எழுத்து. காரைக்காலிலும் அவ்வாறே ஊர்ப்பெயரைத் தமிழிற் பொறித்தனர். அக்காசுகளில் ஒருவகையைத் ‘தூது’ என்று அவர்கள் வழங்கியது நம் துட்டு என்பதன் பிரெஞ்சு உச்சரிப்பே. கும்பினியாரும் 1807-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சென்னையிலேயே அடித்த வெள்ளிப் பணத்திலும் இரட்டைப் பணத்திலும் கால் வராகனிலும் ஆங்கிலம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழையும் தெலுங்கையும் சேர்த்தனர். கால் வராகனில் ஒருபுறம் கோயிற் கோபுரமும் மறுபுறம் திருமால் உருவமும் அமைந்திருத்தலைக் காண்போர் வியப்பர். உள்ளூரில் அடித்த வெள்ளியில் மக்கள் மொழி ஏறிற்று. கடல் கடந்து வந்த செம்பில் ஏறவில்லை. செம்பையே நம்பி வாழ்ந்தவன் எந்தக் காசையும் உருவத்தாலும் எடையாலும் சிங்கக் குறியாலும் மட்டுமே அறிய வேண்டியவன் ஆயினான்.

இக்குறை கும்பினியோடும் ஒழிந்ததன்று. 1907-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த நிக்கல் கலந்த ஓரணா நாணயத்தில் ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துக்களிலும் மதிப்பு எழுதப்பட்டது. தமிழ் அங்கும் இடம்பெறவில்லை. 1950-ஆம் ஆண்டு தொடங்கிய விடுதலை இந்தியாவின் நாணயங்களில் இந்தியும் ஆங்கிலமுமே நிற்கின்றன. தமிழைக் காண வேண்டுவோர் தாள் நோட்டின் மொழிப் பட்டியலை நாடல் வேண்டும். எம் ஊர் தனித்தமிழ் இயக்கத்தை 1916-ஆம் ஆண்டிற் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கியது. அடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர் என்பதும் மிஷன் கல்லூரி மாணாக்கராகிய எமக்கு உவகை தருவது. பிறமொழிச் சொல் தமிழுட் புகுதலை அவர் கண்டு வருந்தினார். எழுத்தறியாதார் கையிற் தேய்ந்த இச்செம்பிலோ, தமிழ்ச் சொல்லொன்று பிறமொழி எழுத்துட் புகுந்து கிடக்கின்றது.

கிறித்தவராகிய எமக்கு இக்காசின் நினைவு வேறொரு நூலிலும் எழுவதுண்டு. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1715-ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடுவித்தபோது அவ்வூரில் டேனியர் அரசரின் பெயர்முத்திரை பொறித்த சிறுகாசுகள் வழங்கின. பின்வந்த மொழிபெயர்ப்பாளர் பலரும் நற்செய்தி நூல்களில் வரும் யூத, உரோம நாணயங்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடவேண்டியவராயினர். இன்று பெரும்பாலான சீர்திருத்தத் திருச்சபைகளில் வாசிக்கப்படும் வேதாகமத்தில், காணிக்கைப் பெட்டியருகே ஏழை விதவை இட்டது இரண்டு காசு என்றும், அது ஒரு துட்டுக்குச் சமம் என்றும் காண்கின்றோம். மூலத்தில் உள்ளவை லெப்டன் இரண்டும் குவாத்ரான்ஸ் ஒன்றும் ஆகும். சென்னைக் கணக்கின்படி பார்த்தால் துட்டொன்றுக்குப் பத்துக் காசு. இரண்டு காசு அன்று. மொழிபெயர்த்தோர் எண்ணை நாடவில்லை, வரிசையையே நாடினர். மிகச் சிறியது காசு, அதனை அடுத்தது துட்டு என்பது கடைத்தெரு அறிந்த உண்மை. அவ்வுண்மையாற் கேட்போர்க்குப் பொருள் உடனே விளங்கிற்று. லெப்டன் என்று வைத்து அடிக்குறிப்பு எழுதியிருந்தால், ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி அவ்விதவையைத் தன் தெருக்காரியாக உணர்ந்திருக்க மாட்டாள். குருவிகள் காசுக்கு விற்கப்படும் உவமையும் இவ்வாறே. நாணயச் சாலை தராத தமிழெழுத்தைக் காசு என்னுஞ் சொல்லுக்கு அச்சுச்சாலை தந்தது.

இனி இக்காசின் வரலாற்றிலே வியத்தகு நிகழ்ச்சி ஒன்று உளது. 1808-ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசுகளும் இருபது காசுகளும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கும்பினிக் கப்பலிற் சென்னைக்கு அனுப்பப்பட்டன. தேம்ஸ் ஆற்றங்கரையில் 1797-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கப்பல் அது. 1809-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இங்கிலாந்தின் கரையைவிட்டு நீங்கு முன்னரே, கடும்புயலிற் சிக்கிக் கெண்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிடலில் மோதி உடைந்தது. அக்கப்பலில் இருந்த செப்புக் காசு நாற்பத்தெட்டு டன் என்பர்.

அதன் மதிப்பை யாமே கணக்கிட்டுப் பார்த்தோம். நாற்பத்தெட்டு டன்னும் இருபது காசாகவே இருந்தால் ஐம்பத்திரண்டு லட்சம் நாணயம். பத்துக் காசாகவே இருந்தால் ஒரு கோடிக்கு மேல். எவ்வாறாயினும், பத்துக் காசு இருபது காசிற் பாதி எடையும் பாதி மதிப்பும் உடையதாகலின், மொத்த மதிப்பு மாறாது. அது ஏறக்குறைய ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய், வராகனில் முப்பத்தோராயிரம். வராகனாக அனுப்பியிருந்தால் ஒரு மாட்டு வண்டியில் அடங்கும் பொருள். காசாக ஆனபோது கப்பலின் அடித்தட்டு நிறைந்தது. சிறுகாசின் பாரம் இத்தகையது!

அப்பீப்பாய்கள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் மணலுட் கிடந்தன. 1980-களிற் கடலில் முக்குளிப்போர் அவற்றைக் கண்டு, பெருந்தொகையான காசுகளை வெளியே கொணர்ந்தனர். இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போர் கையிலுள்ள 1808-ஆம் ஆண்டுக் காசுகளிற் பல அக்கப்பலினின்று வந்தவையே. அவற்றிற் பலவற்றிற் சிங்கத்தின் பிடரிமயிரும் நாடாவின் இலத்தீன் எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. கடல்நீர் தின்ற குழிகள் சிலவற்றில் உள. நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த காசுகளோ அவ்வாறில்லை. யாம் பார்த்த ஒன்றிற் கேடயம் வெறும் மேடாகவும் சிங்கங்கள் இரண்டு நிழல்களாகவும் தேய்ந்திருந்தன. பாரசீகத் தொடரின் நடுப்பகுதி முற்றும் மறைந்து, ஆங்கில எழுத்திற் பாதி மட்டும் எஞ்சியிருந்தது. மக்களுக்கு உழைத்தவை உருவிழந்தன. ஒருநாளும் உழையாதவை அழகோடு விளங்குகின்றன. நாணயம் சேர்க்கும் அன்பர்கள் தேய்ந்ததற்குக் குறைந்த விலையும் தேயாததற்கு மிகுந்த விலையும் தருவது அவர் தொழில்முறை. எமக்கோ தேய்ந்ததே பெரிதெனத் தோன்றுகின்றது.

கும்பினிக் காசின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1818-ஆம் ஆண்டில் வராகனை நீக்கி, வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் தலைமை நாணயமாக்கினர். ரூபாய் ஒன்றுக்குப் பதினாறு அணா, அணா ஒன்றுக்குப் பன்னிரண்டு பைசல்லி என்னும் கணக்கு வந்தது. ரூபாய்க்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பை; தொள்ளாயிரத்து அறுபது காசு. எனவே ஐந்து காசு சரியாக ஒரு பையாயிற்று. 1824, 1825 ஆண்டுகள் பொறித்த சென்னைச் செம்புகளில் அதே சிங்கங்களின் பின்புறம் இருபது காசு இருந்த இடத்தில் நான்கு பை என்றும், பத்துக் காசு இருந்த இடத்தில் இரண்டு பை என்றும் எழுதப்பட்டன. காசு என்னும் பெயர் கும்பினியார் செம்பினின்று நீங்கிற்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கும்பினி ஆட்சி நிலவிய பகுதிகளுக்கெல்லாம் ஒரே வகை நாணயம் ஏற்பட்டது.

ஆயினும் காசு முற்றும் அழியவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசர் ‘அம்மன் காசு’ என்னும் மிகச் சிறிய செம்பைத் தொடர்ந்து வழங்கினர். அணா ஒன்றுக்கு இருபது, ரூபாய்க்கு முந்நூற்றிருபது. ஒருபுறம் பிரகதாம்பாள் திருவுருவம். மறுபுறம் ‘விஜய’ என்னும் சொல், தெலுங்கெழுத்தில். நவராத்திரி நாட்களில் அரண்மனையில் ஏழைகட்கு அரிசி வழங்கும்போது இக்காசும் உடன் வழங்கப்பட்டது. 1889-ஆம் ஆண்டு முதல் இதுவும் பொறியில் அடிக்கப்பட்டது. அடித்தவர் பர்மிங்ஹாம் நகரத்து ஹீட்டன் குழுவினர். போல்ட்டனின் ஸோஹோ அச்சுக்கூடம் 1850-ஆம் ஆண்டில் ஏலத்திற்கு வந்தபோது அதன் பொறிகளை வாங்கித் தொழில் தொடங்கியவர் இவர்களே. புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்திற் சேர்ந்ததும் அம்மன் காசு நின்றது. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் மட்டும் பதினாறு காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949 வரை நடந்தது.